சர்வரும் சமையற்கட்டும்

சென்ற மாதம் செயற்குழுக் கூட்டம் முடிந்து காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது, நமது சங்கச் செயலாளர் ஒரு தாளை என் கையில் கொடுத்தார். சங்கத்தின் இணையதளத்தை வைத்து நடத்தும் நிறுவனம் அனுப்பியிருந்த விலைப்பட்டியல் அது. முக்கியமாக இரண்டு வரிகள். ஒன்று 'லினக்ஸ் ஹோஸ்டிங்', மற்றொன்று 'விண்டோஸ் ஹோஸ்டிங்'. கொடுக்கும் இடம் ஒன்றுதான், நினைவகம் ஒன்றுதான். விலை மட்டும் விண்டோஸுக்குக் கூடுதல்.

"சார், நீங்க இந்தத் தொழில்லயே முப்பது வருஷம் இருந்தவர். அதிகம் கொடுத்தா அதிக வேகமா? போன பொங்கல் விழாவுக்கு டிக்கெட் அறிவிச்ச அன்னிக்கு நம்ம சைட் ரெண்டு மணி நேரம் படுத்துடுச்சு. திட்டெல்லாம் எனக்குத்தான் விழுந்தது. இந்த வருஷம் அப்படி ஆகக்கூடாது" என்றார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதே கேள்விக்கு 2000ஆம் ஆண்டில் நான் ஒருவருக்கு மார்தட்டிக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன். அதன் பலனாகப் பல ஆயிரம் பிள்ளைகள் ஓர் இரவு முழுவதும் தேர்வு முடிவு தெரியாமல் காத்திருந்தார்கள். ஆகவே "யோசித்துச் சொல்கிறேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். யோசித்ததை நமது இதழிலேயே எழுதிவிட்டால் மற்ற அன்பர்களுக்கும் பயன்படுமே என்று தோன்றியது. கணிப்பொறித் துறையில் இல்லாதவர்களும் தயங்காமல் படிக்கலாம். மாட்டுங்காவில் ஏதாவது ஓர் ஓட்டலில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இட்லிக்காகக் காத்திருந்த அனுபவம் இருந்தால் அதுவே போதும்.

சர்வர் என்றதும் நம்மவர்களுக்கு 1964இல் வந்த 'சர்வர் சுந்தரம்' படத்தின் நாகேஷ்தான் நினைவுக்கு வருவார். கணிப்பொறியில் சொல்லும் வெப் சர்வரும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறது. நீங்கள் ஓர் இணையதளத்தின் பெயரைத் தட்டியதும் எங்கோ ஓரிடத்தில் இருக்கும் ஒரு கணிப்பொறியின் கதவைத் தட்டுகிறீர்கள். அங்கே நிற்கும் ஒரு புரோகிராம், "என்ன வேண்டும்?" என்று கேட்டு, நீங்கள் கேட்ட பக்கத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. அதுதான் சர்வர். அபாச்சி, என்ஜின்எக்ஸ், மைக்ரோசாஃப்டின் ஐ.ஐ.எஸ். என்று அவற்றில் பல பெயர்கள் உண்டு.

ஆனால் சர்வர் அடுப்பைத் தொடக்கூடாது. உணவகத்தில் சிறு ஜன்னல் ஒன்று இருக்குமல்லவா? அதன் முன் நின்று "ரெண்டு ரவா, ஒரு வடை" என்று குரல் கொடுக்கலாம், தட்டு வந்தால் எடுத்துக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். ஜன்னலுக்கு அப்பால் இருக்கும் சமையற்கட்டுதான் ஆபரேட்டிங் சிஸ்டம். தமிழில் இயங்குதளம் என்கிறார்கள். வட்டிலிருந்து கோப்பை எடுப்பது, நினைவகத்தில் இடம் ஒதுக்குவது, நெட்வொர்க் கார்டு வழியாகப் பக்கத்தை அனுப்புவது எல்லாமே அதன் பொறுப்பு. அதன் நடுநாயகமான பகுதிக்குக் கெர்னல் என்று பெயர். அவர்தான் சரக்கு மாஸ்டர்.

இதனால்தான் ஒரே சர்வர் புரோகிராம் ஒரு கடையில் பறந்து பறந்து வேலை செய்கிறது, வேறொரு கடையில் திணறுகிறது. புதிதாக ஒரு சர்வரை வேலைக்கு எடுக்க எவ்வளவு செலவாகும் என்பது ஒரு வித்தியாசம். யூனிக்ஸ் குடும்பத்தில், அதாவது லினக்ஸ், ஃப்ரீபி.எஸ்.டி. போன்றவற்றில், இருக்கும் சர்வரைப் போலவே இன்னொருவரை உண்டாக்குவது மலிவு. விண்டோஸில் புதிய ப்ராசஸ் ஒன்றைத் தொடங்குவது கனமான வேலை, ஆனால் ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்டுகளை ஓட்டுவது எளிது. 1995இல் பிறந்த அபாச்சி யூனிக்ஸ் வீட்டுப் பிள்ளை. ஆகவே 'ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு சர்வர்' என்றே அது வளர்ந்தது. விண்டோஸுக்குப் போனபோது அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட்டுகள் என்று மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

இனி 1999ஆம் ஆண்டுக்கு வருகிறேன். அந்த ஆண்டு ஏப்ரல் மாதம் மைண்ட்கிராஃப்ட் என்ற நிறுவனம் ஒரு சோதனை முடிவை வெளியிட்டது. 400 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும் 4 பிராசசர்கள், 4 நெட்வொர்க் கார்டுகள் கொண்ட ஒரு டெல் கணிப்பொறி. அதில் ஒரு முறை விண்டோஸ் என்.டி.யையும் ஐ.ஐ.எஸ்.ஸையும் போட்டு ஓட்டினார்கள். மறுமுறை ரெட் ஹாட் லினக்ஸையும் அபாச்சியையும் போட்டு ஓட்டினார்கள். வெப் சர்வராக என்.டி. 3.7 மடங்கு வேகம் என்பது முடிவு. சோதனைக்குப் பணம் கொடுத்தது மைக்ரோசாஃப்ட்.

எங்களுக்கெல்லாம் ரத்தம் கொதித்தது. அப்போது நான் மும்பையில் ஓர் அலுவலகத்தில் கணிப்பொறிப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். லினக்ஸ் என்றால் எனக்கு ஒரு பக்தி. இலவசமாகக் கிடைத்தது, பழைய 486 கணிப்பொறியிலும் ஓடியது, உள்ளே என்ன நடக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடிந்தது. பணம் கொடுத்தவனுக்குச் சாதகமாகத்தானே முடிவு வரும் என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். உலகெங்கும் லினக்ஸ் அன்பர்கள் அதையே சொன்னார்கள். லினக்ஸைச் சரியாக அமைக்கவில்லை என்ற புகாரில் நியாயமும் இருந்தது. ஆகவே ஜூன் மாதம் ரெட் ஹாட் நிறுவனத்தாரையும் உடன் வைத்துக்கொண்டு மீண்டும் சோதனை நடந்தது. இடைவெளி குறைந்தது. ஆனால் என்.டி. அப்போதும் முன்னால்தான் நின்றது.

காரணம் சமையற்கட்டில் இருந்தது. அன்றைய லினக்ஸ் 2.2 கெர்னலில் நெட்வொர்க் வேலையைச் செய்யும் பகுதிக்கு ஒரே ஒரு பூட்டு. சமையற்காரர்கள் நான்கு பேர், கரண்டி ஒன்று. ஒருவர் கிண்டும்போது மற்ற மூவரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஒரு பிராசசர் உள்ள கணிப்பொறியில் இந்தக் குறை கண்ணில் படாது, நான்கு பிராசசர்கள் உள்ள கணிப்பொறியில் பல்லைக் காட்டிவிட்டது. இன்னொரு வேடிக்கையும் இருந்தது. வாசலில் ஒரு வாடிக்கையாளர் தலை தெரிந்ததும், தூங்கிக்கொண்டிருந்த சர்வர்கள் அத்தனை பேரையும் கெர்னல் தட்டி எழுப்பும். எல்லோரும் ஓடி வருவார்கள். முதலில் வந்தவருக்கு வாடிக்கையாளர் கிடைப்பார், மற்றவர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு திரும்பிப் போய்ப் படுப்பார்கள். அடுத்த வாடிக்கையாளர் வந்தால் மறுபடியும் அதே ஓட்டம்.

லினக்ஸ் கெர்னலை எழுதியவர்கள் திட்டிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. கரண்டிகளைப் பெருக்கினார்கள், ஒருவர் வந்தால் ஒருவரை மட்டும் எழுப்பும்படி செய்தார்கள். 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் இவையெல்லாம் இருந்தன. பணம் வாங்கிக்கொண்டு செய்த சோதனையாக இருக்கலாம், ஆனால் அது தொட்டுக் காட்டிய ஓட்டை உண்மையானது. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சோதனை, நான்கு நெட்வொர்க் கார்டுகளிலும் நொடிக்கு 100 மெகாபிட் வீதம் ஓடக்கூடியதாக வைத்து, நினைவகத்திலேயே இருக்கும் மாறாத பக்கங்களை அள்ளி வீசும் சோதனை. எங்கள் அலுவலகத்துக்கு அப்போது வந்த இணைப்பு 64 கிலோபிட். கணக்குப் போட்டுப் பாருங்கள், 6,250இல் ஒரு பங்கு! அந்தச் சந்துக்குள் எந்தச் சர்வரும் ஓட முடியாது, நடக்கத்தான் முடியும். ஜெர்மனியில் ஒரு கணிப்பொறிப் பத்திரிகை அதே 1999இல் தனியாகச் சோதித்துப் பார்த்தது. ஒரே நெட்வொர்க் கார்டு இருந்து, பக்கங்கள் வட்டிலிருந்து எடுக்கப்பட வேண்டியிருந்தால் லினக்ஸ் சளைக்கவில்லை என்று கண்டது. இரண்டு சோதனைகளும் பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விகள்தான் வேறு.

இப்போது என் கதை. 2000ஆம் ஆண்டு. எங்கள் அலுவலகம் ஒரு தேர்வு முடிவை இணையத்தில் வெளியிடும் பொறுப்பை ஏற்றிருந்தது. கணிப்பொறியும் அதற்கென வாடகைக்கு எடுத்த பெரிய இணைப்பும் வேறோர் இடத்தில் இருந்தன. எங்கள் மேலதிகாரி அந்த 3.7 மடங்குச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார். "என்.டி.யே போட்டுவிடலாமே" என்றார். "லினக்ஸ் தாங்கும், நான் பொறுப்பு" என்றேன் நான்.

மாலை 5 மணிக்கு முடிவு வெளியானது. 5.10க்குக் கணிப்பொறி மூச்சுத் திணறத் தொடங்கியது. அபாச்சியில் ஒரே நேரத்தில் எத்தனை சர்வர்கள் வேலை செய்யலாம் என்பதற்கு ஓர் எண் உண்டு. அந்நாளில் பெட்டியிலிருந்து எடுத்தபடியே வைத்தால் அது 150. கூட்டம் அதிகம், ஆகவே சர்வர்களும் அதிகம் வேண்டும் என்று எண்ணி நான் அதை 250 ஆக்கினேன். கணிப்பொறி அறவே நின்றுபோயிற்று. கீபோர்டில் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தோன்ற ஒரு நிமிடம் ஆயிற்று.

என்னுடன் வேலை பார்த்த இளைஞர், சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர், தயங்கித் தயங்கிச் சொன்னார்: "சார், நம்பரைக் குறைச்சுப் பார்க்கலாமா?"

"கூட்டம் அலைமோதுது, நீ சர்வரைக் குறைக்கச் சொல்றியா? போய் டீ வாங்கிட்டு வா" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். அவர் போய்விட்டார். டீயும் வாங்கி வந்தார்.

இரவு 2 மணிக்கு, வேறு வழி எதுவும் மிச்சமில்லாத நிலையில், அந்த எண்ணை 45 ஆகக் குறைத்தேன். ஐந்து நிமிடத்தில் கணிப்பொறி எழுந்து உட்கார்ந்தது. பத்து நிமிடத்தில் ஓடியது. ஆனால் அந்நேரத்தில் எந்தப் பிள்ளை விழித்திருக்கப் போகிறது? எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் மறுநாள் காலை முதல் லோக்கலைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அறிவிப்புப் பலகையில்தான் தன் எண்ணைப் பார்த்துக்கொண்டாள். நான் எங்கே வேலை செய்கிறேன் என்று அவளுடைய அப்பாவுக்குத் தெரியும். ஒன்றும் கேட்கவில்லை.

நடந்தது இதுதான். கணிப்பொறியில் இருந்த நினைவகம் 512 எம்.பி. முடிவைத் தேடித் தருவதற்காக நாங்கள் பெர்ல் மொழியில் எழுதிய புரோகிராமை ஒவ்வொரு சர்வரின் வயிற்றிலும் திணித்திருந்தோம். ஆகவே ஒரு சர்வருக்குச் சுமார் 10 எம்.பி. தேவைப்பட்டது. 250 பேர் என்றால் 2,500 எம்.பி. இல்லாத நினைவகத்துக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கே போகும்? நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு இடம் பிடிக்கும், மறுநிமிடம் அதையே திரும்ப எடுக்கும். இதற்கு ஸ்வாப் என்று பெயர். வட்டு நினைவகத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு மெதுவானது. சரக்கு மாஸ்டர் அடுப்பைக் கவனிக்காமல் பாத்திரத்தைப் பரணில் ஏற்றுவதும் இறக்குவதுமாகவே இருந்தார்.

அதோடு இன்னொன்று. ஒரு பக்கத்தைக் கொடுத்த பிறகும், "அடுத்து ஏதாவது கேட்பாரோ" என்று அபாச்சி சர்வர் அதே மேசை அருகே 15 நொடி நிற்கும். அன்றைய அபாச்சியில் இதுதான் இயல்பான அமைப்பு. பக்கத்தைத் தயாரிக்க ஒரு நொடியில் சிறு பங்குதான் ஆகிறது. மீதி நேரமெல்லாம் 10 எம்.பி. நினைவகத்தைச் சுமந்துகொண்டு வெறுமனே நிற்பது. தேர்வு முடிவு பார்க்க வருபவர் ஒரு முறை பார்த்தால் போய்விடுவார், அவருக்காக 15 நொடி எதற்கு? அதை நிறுத்திவிட்டு, 45 பேரை மட்டும் சுறுசுறுப்பாக வேலை செய்ய விட்டதும், மற்றவர்கள் வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து சிறிது நேரம் காத்திருந்தார்கள். வாசல் வரிசையைக் கெர்னலே பார்த்துக்கொள்கிறது. அதற்கு நினைவகச் செலவு மிகக் குறைவு. அந்த இளைஞர் சொன்னது அதைத்தான். மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்ல சார், டீ நல்லா இருந்துச்சா?" என்றார். இப்போது அவர் என்னைவிடப் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெறப்போகிறார்.

மேலதிகாரி சொன்னபடி என்.டி. போட்டிருந்தால் நின்றிருக்குமா? இதைப் பல நாள் யோசித்திருக்கிறேன். சும்மா நிற்கும் வாடிக்கையாளர்களை அது இன்னும் மலிவாகச் சமாளித்திருக்கும். ஏனென்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு ப்ராசஸ் என்ற கணக்கு அங்கே இல்லை. ஆனால் எங்கள் பெர்ல் புரோகிராமை அங்கே வழக்கமான முறையில் ஓட்டியிருந்தால், ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு புதிய ப்ராசஸ் தொடங்கியிருக்கும். அதில்தான் விண்டோஸ் கனமானது என்று முன்பே சொன்னேன். ஆக, அதுவும் விழுந்திருக்கும், வேறு விதமாக விழுந்திருக்கும். அடுத்த ஆண்டு நாங்கள் பெர்லையே விலக்கிவிட்டு, ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் முடிவை முன்கூட்டியே தனித்தனிக் கோப்பாக எழுதி வைத்துவிட்டோம். சர்வருக்குத் தேடும் வேலையே இல்லை. தட்டில் வைத்ததை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. அதே பழைய கணிப்பொறி அசையாமல் நின்றது.

இந்த அனுபவத்துக்குப் பிறகு எனக்கு ஒன்று தெளிவாயிற்று. 'எந்த இயங்குதளம் வேகம்?' என்று கேட்பதைவிட, 'காத்திருப்பவர்களை அது எப்படி வைத்துக்கொள்கிறது?' என்று கேட்க வேண்டும். இணையத்தில் பெரும்பாலான இணைப்புகள் பெரும்பாலான நேரம் சும்மாதான் இருக்கின்றன. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்துவிட்டுப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள், செல்போனில் செய்தி வருமா என்று காத்திருக்கிறீர்கள். ரயில்வே தட்கால் டிக்கெட்டை நினைத்துப் பாருங்கள். காலை 10 மணிக்குச் சில நிமிடம் முன்பே நாடு முழுவதும் எத்தனை பேர் உள்ளே நுழைந்து விரலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்! 2015இல் குளிர்சாதன வகுப்புக்கு 10 மணி, மற்ற வகுப்புகளுக்கு 11 மணி என்று பிரித்ததே இந்த நெரிசலைக் குறைக்கத்தான்.

டான் கெகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1999இல் இதை ஒரு சவாலாகவே எழுதினார். ஒரே கணிப்பொறி ஒரே நேரத்தில் 10,000 பேரை ஏன் கவனிக்கக்கூடாது என்பது அவர் கேள்வி. அன்றைய சாதனம் போதும், தடை சமையற்கட்டில் இருக்கிறது என்றார். அக்கால யூனிக்ஸில் ஒரே சர்வர் பல மேசைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு வழி இருந்தது. ஆனால் அவர் ஒவ்வொரு முறையும் முதல் மேசையிலிருந்து கடைசி மேசை வரை நடந்து, "உங்களுக்கு ஏதாவது வேண்டுமா? உங்களுக்கு?" என்று கேட்டாக வேண்டும். நூறு மேசை என்றால் சரி. பத்தாயிரம் மேசையில் மூன்று பேர் மட்டும் காப்பி கேட்கக் காத்திருந்தால், அந்த மூவரைக் கண்டுபிடிக்க மற்ற 9,997 பேரையும் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

தீர்வு எளிது: மேசைக்கு மேசை ஒரு மணி. யாருக்கு வேண்டுமோ அவர் அடிப்பார். எந்தெந்த மணி அடித்தது என்ற சிறு பட்டியலைக் கெர்னல் சர்வரிடம் கொடுக்கும். ஃப்ரீபி.எஸ்.டி.யில் 2000ஆம் ஆண்டு 'கேக்யூ' என்ற பெயரில் இது வந்தது. லினக்ஸில் 'ஈபோல்' என்ற பெயரில், 2003 டிசம்பரில் வெளியான 2.6 கெர்னலோடு எல்லோருக்கும் கிடைத்தது. லினக்ஸ் பக்தர்களுக்குக் கசக்கும் செய்தி ஒன்று: விண்டோஸ் என்.டி.யில் இதற்கு நிகரான ஏற்பாடு 1994லேயே இருந்தது. "இதைச் செய், முடிந்ததும் சொல்லி அனுப்பு" என்று ஜன்னலில் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் முறை அது. என்.டி.யை வடிவமைத்த டேவ் கட்லர் அதற்கு முன் டிஜிட்டல் நிறுவனத்தில் வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தை உருவாக்கியவர். இந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். 1980களின் நடுவில் டில்லியில் தொடங்கிய நமது ரயில்வே கணிப்பொறி முன்பதிவு ஓடியதும் அதே வி.எம்.எஸ்.ஸில்தான். பம்பாயில் வரிசையில் நின்று ஊருக்கு டிக்கெட் எடுத்த நம்மில் பலர் கட்லருக்கு ஒரு வகையில் கடன்பட்டவர்கள்!

மணி வந்ததும் சர்வர்களின் இனமே மாறியது. ரஷ்யாவில் இகோர் சிசோயெவ் என்பவர் 2002இல் எழுதத் தொடங்கி 2004இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஆயிரம் சர்வர்களை வைத்துக்கொள்வதில்லை. பிராசசருக்கு ஒருவர் போதும். ஒவ்வொருவரும் ஆயிரக்கணக்கான மேசைகளைப் பார்த்துக்கொள்கிறார். இதே என்ஜின்எக்ஸ் விண்டோஸிலும் ஓடும். ஆனால் அங்கே அது இன்னும் பழைய முறையில், மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டுதான் போகிறது. அதிக வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம் என்று அதை எழுதியவர்களே தங்கள் கையேட்டில் சொல்லிவிடுகிறார்கள். புரோகிராம் ஒன்றே, சமையற்கட்டு வேறு. நம் தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், சர்வரையே சமையற்கட்டுக்குள் வைத்துவிட்டார்கள். லினக்ஸில் இங்கோ மோல்னார் 2000இல் எழுதிய 'டக்ஸ்' அப்படிப்பட்டது. மாறாத பக்கங்களைத் தருவதில் அது விண்டோஸை வெகுவாக முந்திக் காட்டியது, முந்தைய ஆண்டு பட்ட அவமானத்துக்குப் பதில். ஆனால் அது லினக்ஸின் பொதுக் கெர்னலில் சேரவேயில்லை. விண்டோஸோ 2003இல் அதே யோசனையை எடுத்துக்கொண்டு கெர்னலுக்குள்ளேயே ஒரு பகுதியை வைத்தது, இன்றும் வைத்திருக்கிறது. வேகம் உண்டு. ஆனால் சமையற்கட்டுக்குள் இருப்பவர் வழுக்கி விழுந்தால் கொதிக்கும் சாம்பாரோடு விழுவார். 2015 ஏப்ரலில் அந்தப் பகுதியில் ஆபத்தான ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, உலகெங்கும் அவசர அவசரமாக அடைத்தார்கள்.

பெரிய இடங்களில் என்ன செய்கிறார்கள் என்று ஆவல் எழலாம். வாட்ஸ்அப் 2012 ஜனவரியில், ஃப்ரீபி.எஸ்.டி. ஓடும் ஒரே கணிப்பொறியில் 20 லட்சம் இணைப்புகளை ஒரே நேரத்தில் தாங்கியதாக அறிவித்தது. கெகல் கேட்டதைப்போல 200 மடங்கு. படம் காட்டும் நெட்ஃபிளிக்ஸ், படங்களை அனுப்பும் பெட்டிகளில் ஃப்ரீபி.எஸ்.டி.யும் என்ஜின்எக்ஸும் வைத்திருக்கிறது. சர்வர் கையில் தட்டைக் கொடுக்காமல், வட்டிலிருந்து நேரே நெட்வொர்க் கார்டுக்குக் கெர்னலே படத்தைத் தள்ளிவிடும்படி பல ஆண்டுகள் உழைத்து, 2021இல் ஒரு பெட்டியிலிருந்து நொடிக்கு 400 கிகாபிட் வரை அனுப்பிக் காட்டினார்கள். நம் பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா கூட்டாளியோடு சேர்ந்து 1996இல் தொடங்கிய ஹாட்மெயிலின் கதையும் சுவையானது. மைக்ரோசாஃப்ட் அதை 1997 முடிவில் வாங்கியபோது முன்வரிசைக் கணிப்பொறிகளில் ஓடியது ஃப்ரீபி.எஸ்.டி. சொந்த வீட்டில் அடுத்த வீட்டு அடுப்பு! விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் அதை மாற்ற முடிந்தது.

இத்தனையும் சொன்னாலும், நம்மைப் போன்ற சிறிய தளங்களுக்கு இந்த வித்தியாசங்கள் பெரும்பாலும் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. விலைப்பட்டியலுக்கு வருகிறேன். விண்டோஸுக்கு விலை கூடுதல் என்பதற்கு முதல் காரணம், அந்த நிறுவனம் மைக்ரோசாஃப்டுக்கு உரிமக் கட்டணம் கட்டுகிறது. லினக்ஸுக்கு அது தேவையில்லை. இரண்டாவது, நினைவகம். அண்மைக்கால விண்டோஸ் சர்வர் பதிப்புகளைத் திரைத் தோற்றத்தோடு நிறுவ, குறைந்தது 2 ஜி.பி. வேண்டும் என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. ஆளே பார்க்காத ஒரு கணிப்பொறிக்குத் திரை எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை. திரை இல்லாத பதிப்பும் உண்டு, 2008 முதல் கிடைக்கிறது. லினக்ஸ் கணிப்பொறியில் அந்த நினைவகத்தை இன்னும் சில சர்வர்களுக்குக் கொடுக்கலாம். மைக்ரோசாஃப்டின் பழைய முறைகளில் எழுதிய புரோகிராம் ஏதாவது இருந்தால் விண்டோஸ்தான் வேண்டும், அப்போது விவாதமே இல்லை. நம்மிடம் அப்படி எதுவும் இல்லை.

ஆகவே செயலாளரிடம் லினக்ஸே போதும் என்றேன். "அப்படின்னா போன வருஷம் ஏன் படுத்தது? அப்பவும் லினக்ஸ்தானே இருந்தது?" என்று மடக்கினார்.

நம் தளத்தின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். அதற்கு முந்தைய ஆண்டு விழாவின் புகைப்படங்கள் 20. செல்போனில் எடுத்தபடியே, அளவு குறைக்காமல், ஒவ்வொன்றும் சுமார் 5 எம்.பி. டிக்கெட் வாங்க வந்த ஒவ்வொருவரும் முதலில் 100 எம்.பி. புகைப்படத்தை இறக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அறிவிப்பு வந்ததும் 300 பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொண்டால் 30,000 எம்.பி. நமக்குக் கொடுத்திருக்கும் இணைப்பு நொடிக்கு 100 மெகாபிட், அதாவது நொடிக்கு 12.5 எம்.பி. முழு வேகத்தில் ஓடினாலும் 40 நிமிடம். நடுவில் பொறுமை இழந்து எல்லோரும் மறுபடி மறுபடி பொத்தானைத் தட்டியிருப்பார்கள், இரண்டு மணி நேரம் ஆனதில் வியப்பில்லை. இதற்கு எந்தச் சரக்கு மாஸ்டரும் பொறுப்பல்ல.

புகைப்படங்களை 100 கே.பி. அளவுக்குச் சுருக்கி, டிக்கெட் பக்கத்தைத் தனியாக வைக்கச் சொல்லியிருக்கிறேன். இளைஞர் அணியைச் சேர்ந்த ஒரு பெண் ஒரு மணி நேரத்தில் அதைச் செய்துமுடித்தார். செயற்குழு உறுப்பினர் ஒருவர் மட்டும், மேடையில் திருக்குறள் ஒப்பித்த தம் பேரனின் படத்தைப் பெரிதாகவே விட்டுவைக்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். ஒரு படம்தானே, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.